மேல்வீட்டுக்காரர் தண்ணீர் குடிப்பதில்லை

என் அக்கா புருஷனை வேலை நடக்கும் இடத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். மேல்வீட்டுக்காரர் என்றால்தான் தெரியும். டவர் கிரேன் ஓட்டுகிறவர். காலையில் ஏணியில் ஏறினால் சாயங்காலம்தான் தரைக்கு வருவார். நடுவில் அவர் முகத்தைப் பார்க்க ஆசைப்பட்டால் கழுத்து வலிக்க அண்ணாந்து நிற்க வேண்டியதுதான். ஒரு கண்ணாடிக் கூண்டு, அதற்குள் ஒரு நாற்காலி, நாற்காலியின் இரண்டு பக்கமும் கைக்கு ஒன்றாக லீவர். அவருடைய குடித்தனம் பெரும்பாலும் அதில்தான். வீடு என்னவோ தரைத்தளத்தில், ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் மட்டும் தெரிகிற இரண்டு அறை.

நான் அந்தக் கிரேனுக்கு சிக்னல்காரன். எழும்பிக்கொண்டிருக்கும் மாடியில் நின்று, சுமையை எங்கே கொண்டுவர வேண்டும், எப்போது இறக்க வேண்டும் என்று ரேடியோவில் சொல்வது என் வேலை. எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. நான் எதைச் சொன்னாலும் அவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் லீவரை அசைப்பார். "மெல்ல இறக்கு" என்றால் "மெல்ல இறக்குறேன்" என்று பதில் வரும். ரேடியோவில் மச்சான், மாப்பிள்ளை என்ற கொண்டாட்டமெல்லாம் கிடையாது. ஏத்து, இறக்கு, நில், அவ்வளவுதான். இதில் வேடிக்கை என்னவென்றால், வீட்டில் நான் சொல்கிற எதையும் அவர் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விடுவார். அதே மனுஷன் கூண்டுக்குள் உட்கார்ந்துவிட்டால் என் குரலுக்குக் கட்டுப்பட்டவர். அக்கா இதைச் சொல்லியே என்னிடம் பொருமுவாள், தனக்கும் ஒரு ரேடியோ வாங்கித் தரச் சொல்லி.

அவரிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. தண்ணீர் குடிக்க மாட்டார். கூண்டில் கழிப்பறை இல்லை. ஒரு தடவை இறங்கி ஏறுவதற்குள் கீழே அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள், சாமான் ஏற்றி வந்த லாரி நிற்கும், மேற்பார்வையாளர் கடிகாரத்தைப் பார்ப்பார். அதனால் கிரேன் ஓட்டுகிறவர்கள் எல்லாருமே ஏறுவதற்கு முன்னால் தண்ணீரைக் குறைத்துக்கொள்வார்கள். யாரும் கற்றுக்கொடுப்பதில்லை, தொழிலோடு ஒட்டிக்கொண்டு வருகிற பழக்கம் அது. மற்றவர்கள் தொண்டையையாவது நனைத்துக்கொள்வார்கள். என் மச்சான் அதுவும் செய்ய மாட்டார். கேட்டால், "எனக்காக ஒரு லாரி நின்னதில்ல மாப்ள" என்பார். அந்தப் பெருமையை அவர் சொல்லும்போது எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் அவர் ஒரு கான்கிரீட் சுவர்ப் பேனலை இறக்கி வைப்பதைப் பார்த்தால் எரிச்சல் போய்விடும். தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் விடுகிற மாதிரி இறக்குவார்.

அவர் நெஞ்சில் துடிப்பு தப்ப ஆரம்பித்து ரொம்ப நாளாயிற்று. படி இறங்கும்போது இன்னொரு படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்தால் வெறும் தரை வருமே, உள்ளே அப்படி ஒன்று நடக்கிறது என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறார். முதலில் ஒரு வெறுமை, பிறகு 'தொம்' என்று ஒரு இடி, பிறகு எல்லாம் பழையபடி. அக்கா விடவில்லை, இதய டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். சாட்சிக்கு என்னையும் கூட்டிப் போனாள். அவரைத் தனியாக விட்டால் டாக்டர் ஒன்று சொல்லியிருப்பார், இவர் வீட்டுக்கு வந்து வேறொன்று சொல்வார்.

அந்த டாக்டரம்மா நிதானமானவர். படபடவென்று பேசி விரட்டுகிற ரகமில்லை. இதயம் நடுநடுவே அவசரப்பட்டு ஒரு துடிப்பைத் துடித்துவிடுகிறது என்றார். ரத்தம் நிறைவதற்கு முன்னாலேயே அமுங்குவதால் அந்தத் துடிப்பில் வெளியே போகிற ரத்தம் கொஞ்சம்தான். பிறகு ஒரு கணம் ஓய்வு. அதற்குள் நன்றாக நிறைந்துகொண்டு அடுத்த துடிப்பு பலமாக வருகிறது. அவருக்குத் தெரிகிற இடி அந்த இரண்டாவதுதான். நடுவில் அந்தக் கணத்தில் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குகிறது. கழுத்துக் குழாயிலும் நெஞ்சிலும் இருக்கிற நரம்பு முனைகள் அதைக் கண்டுபிடித்து, ரத்தக் குழாய்களை இறுக்கச் சொல்லி உடனே குரல் கொடுக்கின்றன. பலமான துடிப்பு வந்து அழுத்தம் ஏறியதும் சத்தமில்லாமல் அடங்கிவிடுகின்றன.

"அந்த நரம்புங்க துடிப்பை எண்ணிக்கிட்டு இருக்கிறதில்ல. அதுங்க பார்க்கிறது அழுத்தத்தை. அழுத்தம் நல்லா இருக்கிற வரைக்கும் துடிப்பு ஒண்ணு ரெண்டு தப்பினாலும் அதுங்க சமாளிச்சிடும்" என்றார் டாக்டரம்மா.

எனக்கு அது உடனே பிடிபட்டது, சுமை எங்கே நிற்கிறது என்று பார்த்துக் குரல் கொடுப்பதுதானே என் வேலையும். ஆனால் மச்சானுக்கு அழுத்தம் பல வருஷமாக உயர்ந்தே இருந்திருக்கிறது. அவர் உடம்பு அந்த உயரத்துக்குப் பழகிவிட்டது, மெல்ல மெல்லத்தான் இறக்க வேண்டும் என்று சொல்லி, தினம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார். எப்போதாவது தலை லேசானால் உட்கார்ந்து சமாளிக்கப் பார்க்கக் கூடாது, இருக்கிற இடத்தில் படுத்துக் காலைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்றார். இத்தனையும் கேட்டுவிட்டு வெளியே வந்த மச்சான், "பயப்பட ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்க" என்று அறிவித்தார். அவர் காதில் விழுந்தது அது ஒன்றுதான். அக்கா என்னைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன்.

பிறகு கம்பெனிப் பரிசோதனை வந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை ஓட்டுநர்கள் எல்லாரும் கம்பெனி டாக்டர் முன்னால் போய் உட்கார வேண்டும். போன தடவையே அழுத்தம் அதிகம் என்று எச்சரித்திருந்தார்கள். இந்தத் தடவையும் அப்படியே இருந்தால் இனி ஏற முடியாது என்பது எழுதப்படாத தீர்ப்பு. மச்சானுக்குக் கூண்டைத் தவிர வேறு உலகம் தெரியாது. தரையில் நின்றால் அவருக்குக் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியாது, சட்டைப் பையில் விடுவார், எடுப்பார், மறுபடி விடுவார். கூண்டு போய்விடும் என்ற பயம் அவரைப் பிடித்துக்கொண்டது. அதை யாரிடமும் சொல்லவும் இல்லை.

அவர் செய்தது இதுதான். தினம் ஒன்று போட வேண்டிய மாத்திரையைப் பரிசோதனைக்குச் சில நாள் முன்னாலிருந்து இரண்டிரண்டாகப் போட ஆரம்பித்தார். உடம்பில் தண்ணீர் சேர்ந்தால் அழுத்தம் ஏறும் என்று எங்கேயோ காதில் விழுந்திருக்கிறது. அதனால் வீட்டிலும் தண்ணீரை நிறுத்திவிட்டார். கிரேன்காரருக்கு அது ஒன்றும் புது விரதம் இல்லையே. பரிசோதனை அன்று காலையிலும் இரண்டு மாத்திரை. அக்காவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எல்லாம் நடந்து முடிந்த பிறகு அவர் வாயால் கேட்டதுதான்.

காலையில் அழுத்தம் பார்த்த நர்ஸ் சிரித்தாராம், ரொம்ப நல்லா இருக்கு, பையன் மாதிரி இருக்கு என்றாராம். மச்சான் வகுப்பில் முதல் ரேங்க் வாங்கியவர் மாதிரி நடந்து வந்தார். நானும் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்வானேன். பரிசோதனை நாளில் அவருக்கு விடுமுறைதான், நேரே வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் சுவர்ப் பேனல்கள் ஏற்றிய லாரி சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து வாசலில் நின்றது. அவருக்கு மாற்றாக ஓட்ட வேண்டிய பெண் பக்கத்துக் கிரேனில் இருந்தாள். லாரி என்ற வார்த்தை காதில் விழுந்ததும் என் மச்சான் தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஏணியைப் பிடித்துவிட்டார். நல்ல வெயில். வழக்கமாக நடுவில் ஒரு இடத்தில் நின்று எனக்குக் கை காட்டுவார். அன்றைக்கு இரண்டு இடத்தில் நின்றார், கை காட்டவில்லை.

முதல் பேனல் ஒழுங்காக வந்து உட்கார்ந்தது. இரண்டாவது, ஒரு அறைச் சுவர் அளவுக்கு வார்த்த கான்கிரீட் பேனல், கொக்கியில் தொங்கியபடி எங்கள் மாடிக்கு வந்தது. தரையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகள் மேல் அதன் அடித் துளைகள் சரியாக உட்கார வேண்டும். மட்டம் சரியாக வருவதற்குக் கீழே மெல்லிய இரும்புத் தகடுகளை வைத்திருப்பார்கள். ஒரு பக்கம் பேனலைப் பொருத்துகிற ஃபிட்டர் நின்றார், ஆள் பெரிய உருவம், எதற்கும் அவசரப்படாதவர். மறுபக்கம் அவருடைய உதவியாள். நான் நடுவில்.

"மெல்ல இறக்கு" என்றேன்.

"மெல்ல... இறக்குறேன்."

குரல் இழுத்தது. நாக்கு காய்ந்துபோன குரல். தண்ணீர் குடிக்காதவருக்கு வேறு எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பேனல் இறங்கிக்கொண்டே வந்தது. தரைக்கும் அதற்கும் ஒரு சாண் இடைவெளி இருக்கும்போது ஃபிட்டர் கீழே பார்த்தார். ஒரு தகடு நகர்ந்திருந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் குனிந்து, அதைச் சரிசெய்யக் கையை உள்ளே விட்டுவிட்டார். 'நில்' என்று கத்த வாயைத் திறந்தேன். நான் கத்துவதற்குள் பேனல் தானாக நின்றது.

ஃபிட்டர் தகட்டைத் தள்ளிவிட்டுக் கையை எடுத்தார். மேலே கூண்டைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார், பார்த்து நிறுத்தினீர்களே என்று. ஃபிட்டரை நாலு வார்த்தை திட்ட வேண்டும் என்று இருந்தது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ரேடியோவை அழுத்தினேன். இறக்கு என்றேன். பதில் இல்லை. மறுபடி சொன்னேன். கரகரப்புகூட இல்லை. இத்தனை வருஷத்தில் அவரிடமிருந்து திரும்பி வராத என் சொல் அது ஒன்றுதான்.

கூண்டைப் பார்த்தேன். எப்போதும் முன்னால் குனிந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் தலை அங்கே இல்லை. வெயில் கண்ணாடியில் பட்டுக் கண் கூசியது. நகர்ந்து நின்று பார்த்ததும் தெரிந்தது, பக்கவாட்டுக் கண்ணாடியில் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. லீவரில் கை இருக்கிற வரைக்கும்தான் கிரேன் அசையும். கை விலகினால் லீவர் தானே நடுவுக்கு வந்து எல்லாம் நின்றுவிடும். அவர் நிறுத்தவில்லை. அவர் கை விழுந்திருக்கிறது. பக்கவாட்டில் விழுந்ததால் பேனல் நின்றது. முன்னால் லீவர் மேலேயே விழுந்திருந்தால் பேனல் இறங்கிக்கொண்டே இருந்திருக்கும், ஃபிட்டரின் கை உள்ளே இருந்தபோதே.

எல்லாரையும் விலகச் சொன்னேன். விலகு என்று சொன்னதில் என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. கீழே இருந்த இன்ஜினியரம்மாவுக்குச் சொன்னேன், அவர் மாற்று ஓட்டுநரைக் கூப்பிட்டார். பக்கத்துக் கிரேனிலிருந்து அந்தப் பெண் இறங்கி ஓடி வந்து இங்கே ஏற வேண்டும். நான் ஏறலாம் என்றால் ரேடியோவை விட்டுப் போக முடியாது, பேனல் இன்னும் கொக்கியில் தொங்குகிறது. என் அக்காவின் முகம்தான் கண் முன்னால் வந்து வந்து போயிற்று.

ரேடியோ கரகரத்தது.

"மாப்ள... பேனல் எங்க நிக்குது?"

உயிர் போய் வந்தது எனக்கு. நாற்காலியிலிருந்து நழுவித் தரையில் விழுந்திருக்கிறார், விழுந்ததில் ரத்தம் தலைக்குப் போய் விழித்துக்கொண்டிருக்கிறார். அதெல்லாம் எனக்குப் புரிவதற்குள் அவர் அடுத்த வேலைக்குத் தயாராகிவிட்டார். எழுந்து உட்கார்ந்து பேனலை இறக்கி வைத்துவிடுகிறேன் என்றார், லாரி நிற்கிறது என்றார், வெறும் வெயில்தான் என்றார். நான் கெஞ்சினேன். மச்சான், எந்திரிக்காதீங்க, படுத்தே இருங்க, டாக்டரம்மா சொன்னாங்களே, அக்காவை நினைச்சுப் பாருங்க என்றெல்லாம் சொன்னேன். வீட்டில் பேசுகிற மாதிரியே பேசினேன், வீட்டில் கேட்கிற மாதிரியே அவரும் கேட்டார். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கை மேலே வந்து நாற்காலியைப் பிடிப்பது தெரிந்தது. பிறகு தலை தெரிந்தது. கொக்கி ஒரு வெட்டு வெட்டியது, பேனல் ஆடியது. ரேடியோ பொத்தானை அழுத்தியபடியே, "நெஞ்சுக்குள்ள வரிசையா விட்டு விட்டு..." என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார். பாதியில் தலை மறைந்தது.

ஆடுகிற பேனலைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அது மெல்ல அடங்கியது. மறுபடி விழித்தால் மறுபடி எழுந்து லீவரைத்தான் தேடுவார், எனக்கு அவரைத் தெரியும். மூன்றாவது தடவை எந்தப் பக்கம் விழுவாரோ. அவர் மேல் எனக்கு அப்போது வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். கரகரப்பு வந்ததும் மச்சான் என்று சொல்லவில்லை. பேனலுக்குச் சொல்கிற குரலில் சொன்னேன்.

"படு."

"படுக்கிறேன்."

"காலைத் தூக்கி சீட்டு மேல வை."

"காலைத் தூக்கி... சீட்டு மேல வைக்கிறேன்."

"லீவரைத் தொடாதே."

இதற்குத்தான் ரொம்ப நேரம் எடுத்தது. என் விரல் பொத்தானிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

"தொடல" என்றார்.

கூண்டின் கண்ணாடியில் அவருடைய பூட்ஸின் அடிப்பாகம் இரண்டும் தெரிந்தன. மாற்று ஓட்டுநர் ஏறி முடிக்கும்வரை அவரைப் பேச வைத்துக்கொண்டே இருந்தேன். நான் எதைச் சொன்னாலும் திருப்பிச் சொன்னார். கண்ணைத் திற என்றால் கண்ணைத் திறக்கிறேன் என்றார். உன் மாதிரி பிடிவாதக்காரன் உலகத்தில் இல்லை என்றேன், அதையும் திருப்பிச் சொன்னார். அந்தப் பெண் மேலே போய்ச் சேர்ந்ததும் தன் பையிலிருந்த பாட்டிலைத் திறந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தாள். அந்தக் கூண்டுக்குள் அவர் தண்ணீர் குடித்தது அதுதான் முதல் தடவை. பிறகு அவர் கால்களைப் பக்கவாட்டில் ஒரு பெட்டி மேல் மாற்றி வைத்துவிட்டு, அவர் நாற்காலியில் உட்கார்ந்து, என் சொல்படி பேனலை இறக்கி வைத்தாள். தரையில் படுத்திருந்தவர் அவளோடு சேர்ந்து "மெல்ல இறக்குறேன்" என்று முணுமுணுத்தாராம். அதற்கப்புறம் மீட்புக்காரர்கள் வந்து அவரைக் கயிற்றுப் படுக்கையில் வைத்துக் கட்டி இறக்கினார்கள்.

ஆஸ்பத்திரியில் மறுநாள் அவர் பழைய நிறத்துக்கு வந்துவிட்டார். பழைய குணத்துக்கும் வந்துவிட்டார். மாத்திரை எத்தனை போட்டீர்கள் என்று டாக்டரம்மா கேட்டதற்கு, ஒன்றுதான் என்றார். டாக்டரம்மா யோசனையில் ஆழ்ந்தார். துடிப்பு முன்னால் எப்படித் தப்பியதோ அப்படியேதான் இப்போதும் தப்புகிறது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை; அப்போது வராத மயக்கம் இப்போது ஏன் வர வேண்டும், கணக்கு எங்கேயோ இடிக்கிறது என்றார். துடிப்புதான் காரணம் என்றால் இதயத்துக்குள் கம்பி விட்டுச் சரிசெய்கிற வழியைப் பார்க்க வேண்டியிருக்கும், நாளைக்கு முடிவு செய்யலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா நாற்காலியில் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். கம்பி என்ற வார்த்தைக்கே அவள் முகம் வெளிறியது. மச்சான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெஞ்சுக்குள் கம்பியே விட்டாலும் சரி, கூண்டு கையை விட்டுப் போகக் கூடாது என்று அந்த மனுஷன் நினைத்திருக்கிறார்.

அந்த நேரத்தில்தான் இன்ஜினியரம்மாவும் ஃபிட்டரும் பழப்பையோடு உள்ளே வந்தார்கள். வெயிலில் மயங்கிவிட்டார் என்றுதான் எல்லாருக்கும் தெரியும். மயக்கம் வருகிற நேரத்திலும் சுமையை நிறுத்திவிட்டு மயங்கியிருக்கிறீர்கள், இதை எல்லார் முன்னாலும் சொல்லிப் பாராட்டப் போகிறோம், உடம்பு தேறியதும் கூண்டு உங்களுக்குக் காத்திருக்கும் என்றார் இன்ஜினியரம்மா. ஃபிட்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தன் பெரிய கைகள் இரண்டையும் விரித்து மச்சான் முன்னால் நீட்டினார்.

"விரல் பத்தும் இருக்கு பாருங்க. நீங்க பார்த்து நிறுத்தலேன்னா இருந்திருக்காது. எங்க வீட்ல நேத்திலேர்ந்து உங்க பேச்சுதான்."

நான் சுவரைப் பார்த்தேன். அவர் நிறுத்தவில்லை என்பதைச் சொல்ல வேண்டியவன் நான் இல்லை, அவர்தான். மச்சான் அந்தக் கைகளில் ஒன்றைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெகுநேரம் விடவில்லை. ஃபிட்டருக்கே கூச்சமாகிவிட்டது.

"நான் நிறுத்தல" என்றார்.

"என்ன சொல்றீங்க?"

"நான் நிறுத்தல. உங்க கை அங்க இருந்ததே எனக்குத் தெரியாது. என் கை நழுவிடுச்சு, அதான் நின்னுது. முன்னாடி சாய்ஞ்சிருந்தா நின்னிருக்காது." நிறுத்தி மூச்சு வாங்கினார். "செக்கப்புல பாஸாகணும்னு ரெண்டு ரெண்டு மாத்திரையா போட்டேன். தண்ணியும் குடிக்கல. தெரிஞ்சுதான் ஏறினேன்."

ஃபிட்டர் தன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும். இன்ஜினியரம்மா கதவுப் பக்கம் பார்த்தார். அக்கா எழுந்து போய் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் பிடித்து வந்து அவர் முன்னால் வைத்தாள். அவர் எடுத்துக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார்.

டாக்டரம்மாவை மறுபடி கூப்பிட்டுச் சொன்னதும், அவர் முகத்தில் கோபமும் நிம்மதியும் சேர்ந்தே வந்தன. கம்பியெல்லாம் வேண்டாம் என்றார் முதலில். அக்கா அழுதது அப்போதுதான். பிறகு நடந்ததை விளக்கினார். உயரத்துக்குப் பழகிய உடம்பில் அழுத்தத்தை ஒரேயடியாக இறக்கியாயிற்று; உள்ளே தண்ணீரும் இல்லை; ஏணி ஏறி வியர்வையில் இன்னும் கொஞ்சம் போயிற்று; பிறகு காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்ததில் இருக்கிற ரத்தமும் காலுக்கு இறங்கிவிட்டது. இறுக்கு, இறுக்கு என்று நரம்புகள் ஏற்கெனவே கத்திக்கொண்டிருந்திருக்கின்றன. அந்த மாத்திரையோ குழாய்களைத் தளர்த்துகிற மாத்திரை. அந்த நேரம் பார்த்துத் துடிப்பு நாலைந்து வரிசையாகத் தப்பியிருக்கிறது.

"எப்பவும் தப்புற துடிப்புதான். ஆனா தொண்டை கிழியக் கத்திக்கிட்டிருக்கிற ஆளை இன்னும் சத்தமா கத்துன்னா அவன் என்ன பண்ணுவான்? படுத்ததும் ரத்தம் திரும்பி வந்துது, பொழைச்சீங்க. உட்கார்ந்தே இருந்திருந்தா வேற மாதிரி ஆகியிருக்கும்" என்றார்.

என் மச்சான் என்னைப் பார்த்தார். படு என்று சொன்னது யார் என்று அவருக்குத் தெரியும். நன்றி சொல்லவில்லை, எங்கள் குடும்பத்தில் அந்த வழக்கம் இல்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. அவர் மேல் எனக்கு இருந்த கோபம் அன்றைக்குப் பாதி போயிற்று, மீதி இன்னும் இருக்கிறது.

கூண்டு போய்விட்டது. உடம்பு காரணமில்லை, சில மாதத்தில் அழுத்தம் நிதானத்துக்கு வந்தால் ஏறலாம் என்றுகூட டாக்டரம்மா சொன்னார். ஆனால் பரிசோதனையை ஏமாற்றியவரைக் கம்பெனி மறுபடி ஏற்றாது, அது நியாயம்தான். ஃபிட்டர் போய் ஏதோ பேசியிருக்கிறார், அதனால் வேலை போகவில்லை. தரையில், லாரி வந்து நிற்கிற இடத்தில், சிக்னல்காரராகப் போட்டார்கள். நான் மேலே இறக்குகிற இடத்தில், அவர் கீழே ஏற்றுகிற இடத்தில். கூண்டில் அந்த மாற்று ஓட்டுநர் பெண்.

முதல் நாள் காலையில் அவர் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நிற்பதை மாடி விளிம்பிலிருந்து பார்த்தேன். அண்ணாந்து கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பேனல் லாரி வந்தது. கொக்கியை மாட்டியாயிற்று. இன்ஜினியரம்மா, மேற்பார்வையாளர், லாரி டிரைவர் எல்லாரும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அண்ணா, ஏத்தவா?" என்று ரேடியோவில் அந்தப் பெண்.

"தண்ணி குடிச்சியா?"

லாரி டிரைவர் ஹாரன் அடித்தார்.

"குடிச்சா இறங்க வேண்டி வரும் அண்ணா. லாரி நிக்குதே."

மச்சான் ரேடியோவை வாயருகே கொண்டுபோனார்.

"குடி. இறங்க வேண்டியிருந்தா இறங்கு. லாரி நிக்கட்டும்."

"குடிக்கிறேன்."

கண்ணாடிக்குப் பின்னால் அவள் பாட்டிலை உயர்த்துவது எனக்குத் தெரிந்தது. அவள் குடித்து முடிக்கும்வரை என் மச்சான் கொக்கியை அசைய விடவில்லை. லாரி நின்றது.